17,000 பவுண்டு இழுக்குமாம், சரி, சுமக்குமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. டாலஸ் பக்கத்தில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். என்னிடம் 2019 ராம் 2500 இருக்கிறது, கம்மின்ஸ் டீசல், நான்கு கதவு, 6 அடி 4 அங்குல பெட் (பின்னால் சாமான் ஏற்றும் திறந்த பகுதி). கோடை விடுமுறைக்குக் கொலராடோ போவதற்காக 37 அடி ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் (ட்ரக்கின் பெட்டுக்குள் மாட்டி இழுக்கிற வீட்டு வண்டி) ஒன்றைப் பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டோம். காலி எடை 11,300 பவுண்டு, சுமையோடு உச்சவரம்பு 14,000, பின் எடை (pin, அதாவது ட்ரெய்லரின் இணைப்பு ஆணி ட்ரக் மேல் வைக்கும் எடை) 2,180 என்று காகிதத்தில் போட்டிருக்கிறது. என் ட்ரக் 17,000 பவுண்டு இழுக்கும், பின்பக்க ஸ்ப்ரிங்குக்குத் துணையாக ஏர் பேக் (காற்றுப் பை) போட்டு, முன்பின் நகரும் ஸ்லைடர் ஹிட்ச் (ட்ரெய்லரை மாட்டும் இணைப்பு) ஒன்றை மாட்டினால் போதும் என்கிறார் டீலர். ஆனால் கதவைத் திறந்தால் மஞ்சள் ஸ்டிக்கரில் 2,080 பவுண்டு என்று இருக்கிறது. நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து அம்மா வந்தால் ஐந்து பேர். எந்த ஹிட்ச் வாங்கலாம்? தனியாக லைசென்ஸ் வேண்டுமா? மனைவியும் ஓட்டுவார்.

பதில்: தம்பி, ஹிட்ச்சுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த ஸ்டிக்கரைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் கேள்வியிலேயே பாதி பதிலை எழுதிவிட்டீர்கள், அதை எப்படிப் படிப்பது என்பதுதான் பாக்கி. அந்த 2,080 என்பது ஆட்கள், சாமான், ஹிட்ச், பின் எடை எல்லாம் சேர்த்து உங்கள் ட்ரக் சுமக்கலாம் என்ற வரம்பு, பேலோட் என்பார்கள்.

டீலர் சொன்ன 17,000 பொய் இல்லை. உங்கள் ட்ரக்கின் இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் சேர்ந்து அவ்வளவு எடையை இழுத்துக்கொண்டு மேடு ஏறும். இதற்கென்று ஜே2807 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் டேம் மேட்டில், கொதிக்கிற வெயிலில், ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு, குறைந்தபட்ச வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏறிக் காட்ட வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் ட்ரக்கில் இருப்பது ஓட்டுகிறவரும் பக்கத்தில் ஒருவரும் மட்டுமே, ஆளுக்கு 150 பவுண்டு. உங்கள் பிள்ளைகள், அம்மா, ஐஸ் பெட்டி, அம்மாவின் இட்லி குண்டான் எதுவும் அதில் கிடையாது. அதோடு, இழுக்கிற கணக்கு வேறு, சுமக்கிற கணக்கு வேறு. ஃபிஃப்த் வீலில் பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது சுமக்கிற கணக்குதான்.

மாட்டு வண்டியில் முன்பாரம் பின்பாரம் என்று சொல்வோமே, அதேதான் இது. சாதாரண ட்ரெய்லரைப் பம்பருக்குக் கீழே மாட்டி இழுக்கும்போது அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம்தான் ட்ரக்கின் மேல் விழும். ஃபிஃப்த் வீல் வேண்டுமென்றே முன்பாரமாகச் செய்யப்பட்டது. அதனால்தான் அது நெடுஞ்சாலையில் ஆடாமல் வருகிறது, அதனால்தான் அதன் எடையில் 20 முதல் 25 சதவீதம் வரை கிங்பின் என்கிற அந்த இணைப்பு ஆணி வழியாக நேரே உங்கள் பின் ஆக்ஸில் மேல் வந்து உட்காருகிறது. முன் சக்கரத்துக்கு அதில் பெரிதாகப் பங்கு போகாது.

காகிதத்தில் இருக்கும் 2,180 என்பது தொழிற்சாலையிலிருந்து வெளியே வருகிற காலி ட்ரெய்லரின் பின் எடை. பேட்டரி பிற்பாடுதான் ஏறும். கேஸ் சிலிண்டர் இரண்டும் பெரும்பாலும் மூக்குப் பக்கம்தான், நிரப்பினால் 30 பவுண்டு சிலிண்டர் ஒன்று 55 பவுண்டு கிட்டே வரும். படுக்கையறை முன்னால் இருக்கும், துணிமணி அலமாரியும் அங்கேதான், அதற்குக் கீழே நாற்காலி, குழாய், ஜாக் எல்லாவற்றையும் திணிக்கிற பெரிய பெட்டி. ஆக நீங்கள் ஏற்றுவதில் பெரும் பங்கு பின் மேல்தான் போகும். தண்ணீர் ஒரு கேலனுக்கு 8.3 பவுண்டு, 60 கேலன் நிரப்பினால் 500 பவுண்டு. தொட்டி ஆக்ஸிலுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது பின் எடையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐந்து பேரும் சேர்ந்து 670 பவுண்டு என்று வைத்துக்கொள்கிறேன் (பிள்ளைகள் வளர்வார்கள், அது வேறு). பெட் மூடி, கருவிப் பெட்டி, சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் 120. டீலர் சொல்கிற மாதிரி ஸ்லைடர் ஹிட்ச் போட்டால் அதுவே 230 பவுண்டு வரும். 2,080-இல் இதையெல்லாம் கழித்தால் பின்னுக்கு மிச்சம் 1,060. ட்ரெய்லரில் 1,900 பவுண்டு சாமான் ஏற்றினால் 13,200 ஆகும், ஒரு குடும்பம் சில வாரம் தங்க இது அதிகமே இல்லை, அதில் 21 சதவீதம் 2,770. மிச்சம் 1,060, வருவது 2,770. 1,700 பவுண்டுக்கு மேல் அதிகம். காலி ட்ரெய்லரை, நீங்கள் மட்டும் தனியாக உட்கார்ந்து, சாமான் எதுவும் இல்லாமல் டீலர் கடையிலிருந்து வீட்டுக்கு ஓட்டி வந்தால்கூட அந்த ஸ்டிக்கரைத் தாண்டிவிடுவீர்கள், ஏனென்றால் வெறும் பின் எடையே 2,180, ஹிட்ச்சும் நீங்களும் அதற்கு மேல்.

ஏர் பேக் போட்டால் சரியாகிவிடாதா என்று அடுத்து கேட்பீர்கள். பின்பக்கம் தொங்காது, ஹெட்லைட் வானத்தைப் பார்க்காது, அந்த அளவுக்கு நல்ல பொருள்தான், நானே நிறையப் பேருக்கு மாட்டிக் கொடுக்கிறேன். ஆனால் ஆக்ஸில், சக்கரத் தட்டு, டயர், பிரேக் எதுவும் அதனால் மாறவில்லை, கதவில் இருக்கும் எண்ணும் மாறவில்லை. தொங்குகிற வண்டி குறைந்தபட்சம் தொங்குவதாவது தெரியும். ஏர் பேக் போட்ட வண்டி நிமிர்ந்து நின்றுகொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்ப வைத்துவிடும். எனக்கு அதுதான் பயம்.

2500-க்கும் அதற்கு அடுத்த பெரிய மாடலான 3500-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஸ்டிக்கர் வெறும் காகிதம், பதிவுக் கட்டணத்துக்காக 10,000 பவுண்டில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று ட்ரக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. 10,000 என்பது ஒரு வகுப்பின் எல்லை, இன்ஜினும் கியர்பாக்ஸும் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான். ஆனால் உங்கள் ராம் 2500-இல் பின்னால் இருப்பது காயில் ஸ்ப்ரிங், 3500-இல் இருப்பது பட்டை ஸ்ப்ரிங். இதைக் காகித வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன். 200 பவுண்டு கூடுதல் என்றால் சாமானைக் குறையுங்கள் என்று சொல்லி விட்டிருப்பேன். 1,700 பவுண்டுக்கு நான் ஹிட்ச் மாட்ட மாட்டேன். அப்புறம், டீசல் இன்ஜினே பல நூறு பவுண்டு கனம் என்பதால் அதே 2500-இல் பெட்ரோல் வண்டியின் ஸ்டிக்கரில் இதைவிடப் பெரிய எண் இருக்கும். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் உண்மை. கொலராடோ உயரத்தில் அந்தப் பெட்ரோல் இன்ஜின் மூச்சு வாங்கும் என்பது வேறு கதை.

என் கணக்கை நம்பாதீர்கள், நீங்களே நிறுத்துப் பாருங்கள். நெடுஞ்சாலையில் பெரிய லாரிகள் நிற்கிற ட்ரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்கிற எடைமேடை இருக்கும். டேங்கை நிரப்பி, எல்லோரும் ஏறி, வழக்கமாக வண்டியில் கிடக்கிற சாமானோடு போய் நில்லுங்கள். முன் ஆக்ஸில் ஒரு தட்டில், பின் ஆக்ஸில் அடுத்த தட்டில் வர வேண்டும். சின்னக் கட்டணம்தான், செல்போன் செயலியிலேயே கட்டிவிடலாம். கதவில் இருக்கும் ஜிவிடபிள்யூஆர், அதாவது ட்ரக் சுமையோடு அதிகபட்சம் இருக்கலாம் என்ற எடையிலிருந்து, எடைச் சீட்டில் வந்த மொத்த எடையைக் கழியுங்கள். மிச்சம் இருப்பதுதான் ஹிட்ச்சுக்கும் பின்னுக்கும் சேர்த்து உங்களுக்குக் கிடைப்பது. அதே மாதிரி பின் ஆக்ஸிலுக்கு மட்டும் தனி வரம்பு அதே கதவில் இருக்கும், அதையும் கழித்துப் பாருங்கள். இரண்டில் எது சிறியதோ அதுதான் கணக்கு.

ட்ரக்கை மாற்ற முடியாது என்றால் ட்ரெய்லரை மாற்றுங்கள். உங்களுக்கு மிச்சம் சுமார் 1,290 பவுண்டு, ஸ்லைடர் இல்லாமல். அதில் எடையைப் பிரித்து முன் ஆக்ஸிலுக்கும் அனுப்புகிற சாதாரண ஹிட்ச்சுக்கு 100 போனால் 1,190. சாதாரண ட்ரெய்லருக்கு 13 சதவீதம் என்று பார்த்தால் சாமானோடு 9,000 பவுண்டு வரை தாராளமாக இழுக்கலாம், 30 அடிக்குக் குறையாத நல்ல ட்ரெய்லர் அதற்குள் கிடைக்கும். ஃபிஃப்த் வீலின் உயரமான கூரை கிடைக்காது, அவ்வளவுதான். முன்பணம் திரும்பி வருமா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் அதே கடையில் வேறு ட்ரெய்லருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கு விற்றால் சரி.

அந்த 37 அடிதான் வேண்டும் என்றால் ட்ரக் மாற வேண்டும். ட்ரெய்லரை 14,000 வரை நிரப்பி, பின்னில் 22 சதவீதம் என்று வையுங்கள், 3,080. ஆட்கள், சாமான், சாதாரண ஹிட்ச் எல்லாம் சேர்த்தால் 4,000-ஐத் தொடும். ஆகவே 4,200-க்குக் குறைவான ஸ்டிக்கர் உள்ள வண்டியைப் பார்க்கவே வேண்டாம். பின்னால் இரண்டு டயர் மட்டும் உள்ள 3500 அல்லது ஃபோர்டு 350 வண்டிகளில் சில இதைத் தொடும், சில தொடாது. சொகுசு வசதி ஏற ஏற எண் இறங்கும், ஒரே மாடலில் இரண்டு வண்டிக்கு இடையில் சில நூறு பவுண்டு வித்தியாசம் இருக்கும். அதனால் விளம்பரத்தைப் பார்க்காமல் வாங்கப் போகிற அதே வண்டியின் கதவைத் திறந்து பாருங்கள். ஜிவிடபிள்யூஆர் 10,000-ஐத் தாண்டிய வண்டிகளுக்கு மஞ்சள் ஸ்டிக்கர் கட்டாயமில்லை. இல்லாவிட்டால் மேலே சொன்ன மாதிரி எடைபோட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். பின்னால் நான்கு டயர் உள்ள ட்யூலி என்றால் 5,000-ஐத் தாண்டும், இந்தக் கவலையே இருக்காது. அமரில்லோ பக்கம் பக்கவாட்டில் அடிக்கிற காற்றில் 37 அடி ட்ரெய்லரோடு போகும்போது ட்யூலி ஓட்டுகிறவர் நிம்மதியாக இருப்பார். ஆனால் தினமும் பிள்ளைகளைப் பள்ளியில் விட, காஸ்ட்கோவில் நிறுத்த அது கொடுமை. உங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம் (எச்ஓஏ) என்ன சொல்லும் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா ஏறுவதற்கு மின்சாரப் படி உள்ளதாக வாங்குங்கள், அந்த உயரம் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது.

சரி, ஹிட்ச்.

புது ட்ரக் வாங்குவதாக இருந்தால் 8 அடி பெட் வாங்குங்கள், பாதித் தலைவலி போகும். காரணம் எளிது. ட்ரெய்லரின் அகலம் 8 முதல் 8½ அடி, அதாவது நடுவிலிருந்து மூலைக்கு 48 முதல் 51 அங்குலம். கிங்பின் பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே, அல்லது ஒரு விரற்கடை முன்னால் இருக்க வேண்டும். அங்கிருந்து கேபின் பின் கண்ணாடிக்கு உள்ள தூரம் அதைவிடக் குறைவாக இருந்தால், பெட்ரோல் பங்க்கில் ஒடித்துத் திரும்பும்போது ட்ரெய்லரின் மூலை கண்ணாடிக்குள் வந்துவிடும். 8 அடியில் பெரும்பாலும் இடம் இருக்கும், 6 அடி 4 அங்குலத்தில் இருக்காது. மூக்கின் இரு மூலையும் உள்வாங்கிச் செய்த ட்ரெய்லர்கள் இப்போது நிறைய வருகின்றன, அவற்றில் கொஞ்சம் தப்பிக்கலாம். ஆனால் “குட்டை பெட்டுக்கும் ஒத்துவரும்” என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்பாமல் டேப் வைத்து அளந்து பாருங்கள்.

குட்டை பெட்தான் என்றால் ஸ்லைடர் தேவை. கையால் விடுவிக்கிற வகை மலிவு, ஆனால் திரும்புவதற்கு முன்பே இறங்கிப் போய்க் கொக்கியை எடுத்து, ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ட்ரக்கை முன்னால் நகர்த்தி ஹிட்ச்சைப் பின்னால் தள்ள வேண்டும். முகாமில் நுழைகிற அவசரத்தில், இருட்டில், மழையில் இதை யாரும் செய்ய மாட்டார்கள், அப்போதுதான் கண்ணாடி போகும். தானாகவே நகர்கிற வகை விலையும் கனமும் அதிகம், ஆனால் மறதிக்கு இடமில்லை. அந்தக் கனம் பேலோடிலிருந்துதான் போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

8 அடி பெட்டுக்கு ட்ரக் கம்பெனியே பெட்டின் தரையில் ஐந்து துளை வைத்துத் தருகிற ஏற்பாட்டோடு வாங்குங்கள், புதிதாக வாங்கும்போதே கேட்டால் விலை அதிகமில்லை. ஹிட்ச்சை அதில் இறக்கிப் பூட்டிவிடலாம், வேண்டாதபோது தூக்கிவிட்டால் பெட் காலியாகிவிடும். தட்டை நான்கு பக்கமும் சாயக்கூடியதாகவும், கிங்பின்னை இரண்டு பக்கமும் முழுதாகச் சுற்றிப் பிடிக்கிற தாடை உள்ளதாகவும் பாருங்கள். 18,000 அல்லது 20,000 பவுண்டு எடை தாங்குவது உங்களுக்குப் போதும். 25,000 வாங்கினால் பெருமை மட்டும்தான். கூஸ்நெக் பந்தில் (பெட்டின் தரையில் இருக்கும் உருண்டை) மாட்டுவதற்காக ட்ரெய்லரில் நீண்ட அடாப்டர்களைப் போடும் முன் ட்ரெய்லர் சட்டம் செய்த கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். நெம்புகோல் நீளமாக நீளமாகச் சட்டத்தின் மேல் விழுகிற முறுக்கும் கூடும், வாரன்டியும் அதைப் பொறுத்தது.

உயரத்தை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். இப்போது வருகிற நான்கு சக்கர இயக்க ட்ரக்குகள் உயரமானவை. பெட் ஓரத்துக்கும் ட்ரெய்லர் அடிப்பக்கத்துக்கும் இடையில் ஆறு அங்குலம் வேண்டும், இல்லாவிட்டால் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது பெட் நசுங்கும். அந்த ஆறு அங்குலத்துக்காக ஹிட்ச்சை உயர்த்தினால் ட்ரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு வரும், ட்ரெய்லரின் பின்பக்க ஆக்ஸில் டயர் சூடேறும். சமதரையில் நிறுத்தி ட்ரெய்லர் நேராக நிற்கிறதா என்று பார்த்து ஹிட்ச்சின் துளைகளை முடிவு செய்யச் சொல்லுங்கள், கடைக்காரர் அவசரப்பட்டால் விடாதீர்கள்.

மாட்டும்போது ஒன்றே ஒன்றை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ட்ரெய்லர் மூக்கு ஹிட்ச் தட்டைவிட ஒரு துளி தாழ்வாக இருக்க வேண்டும். பின்னால் வரும்போது தட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். உயரமாக இருந்தால் கிங்பின் தாடைக்குள் முழுதாக இறங்காமல் மேலேயே தொற்றிக்கொண்டு நிற்கும், கைப்பிடி மூடியது போலவே தெரியும். கிளம்பிய முதல் திருப்பத்தில் ட்ரெய்லர் நழுவி இரண்டு பெட் ஓரத்தின் மேலும் உட்காரும். இப்படி நசுங்கிய பெட் கடைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆகவே கையில் டார்ச்சை எடுத்துக்கொண்டு, ட்ரெய்லர் தட்டுக்கும் ஹிட்ச் தட்டுக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். தெரிந்தால் மாட்டவில்லை என்று அர்த்தம். அப்புறம் ட்ரெய்லர் கால்களை லேசாகத் தரையில் வைத்தபடியே, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் போடுகிற பிரேக் கன்ட்ரோலர் நெம்பைக் கையால் பிடித்துக்கொண்டு ட்ரக்கை மெதுவாக முன்னால் இழுத்துப் பாருங்கள். அசையக் கூடாது. பிரேக் பிடிக்கிற அளவைக் காலி மைதானத்தில் 20, 25 மைல் வேகத்தில் நெம்பை மட்டும் இழுத்துப் பாருங்கள், சக்கரம் பூட்டிக்கொள்கிற அளவுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள், சாமான் ஏற்றிய பிறகு மறுபடி செய்யுங்கள்.

கொலராடோ போகும்போது ஐ-25-இல் ரேடன் கணவாய், 7,834 அடி, உங்களுக்கு முதல் பரீட்சை. ஏறுவது எளிது, டீசல் ஏறிவிடும். இறங்கும்போது மேலே இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, ட்ரெய்லர் இழுப்பதற்கான டோ-ஹால் முறையையும், இன்ஜினைக் கொண்டே வேகத்தை அடக்குகிற எக்ஸாஸ்ட் பிரேக்கையும் போட்டுக்கொண்டு கியரை அதுவே பிடித்துக்கொள்ள விடுங்கள், காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்க வேண்டாம். பல ட்ரெய்லர் டயர்கள் 65 மைல் வேகத்துக்கு மேல் ஓட்டச் செய்யப்பட்டவை அல்ல. 287 நெடுஞ்சாலையில் எல்லோரும் 75-இல் பறப்பார்கள், ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

லைசென்ஸ்: டெக்சாஸில் ட்ரெய்லரின் ஜிவிடபிள்யூஆர் 10,000 பவுண்டைத் தாண்டி, ட்ரக்கும் ட்ரெய்லரும் சேர்ந்த எடை வரம்பு 26,001 பவுண்டு அல்லது அதற்கு மேல் என்றால், சொந்த உபயோகத்துக்கே ஆனாலும் வணிகம் சாராத வகுப்பு ஏ லைசென்ஸ் வேண்டும். எழுத்துத் தேர்வும் உண்டு, அதே அளவு வண்டியில் ஓட்டுத் தேர்வும் உண்டு. உங்கள் ட்ரெய்லர் 14,000. ஒற்றை டயர் 3500-இல் ஜிவிடபிள்யூஆர் 11,800 என்று இருந்தால் மொத்தம் 25,800, எல்லைக்குள். 12,300 என்று இருந்தால் 26,300, தாண்டிவிட்டது. ட்யூலி என்றால் சந்தேகமே இல்லை, 28,000. வாங்கும் முன் இரண்டு வண்டிகளின் ஸ்டிக்கரையும் படம் எடுத்துக்கொண்டு லைசென்ஸ் தருகிற டிபிஎஸ் அலுவலகத்தில் காட்டிக் கேட்டுவிடுங்கள். தேவை என்றால் மனைவிக்கும் சேர்த்து இருவருக்கும் ஒரே வாரத்தில் தேதி வாங்குங்கள், தேர்வுக்கு ட்ரெய்லரை இரண்டு முறை இழுத்துக்கொண்டு போவது வீண் வேலை.